கக்குவான்: கிருமி போன பின்னும் போகாத இருமல்

கக்குவான் பிடித்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆசுபத்திரிக்கு வரும் தாய்மார் இரண்டாவது வாரம் கேட்பது ஒரே கேள்விதான்: மருந்து முழுசும் கொடுத்தாச்சே டாக்டர், அப்புறமும் ஏன் இருமல் நிக்கல? பாறசாலை, இஞ்சிவிளை, காரக்கோணம், பனச்சமூடு என்று கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களிலும், நடந்தே போய்விடக்கூடிய களியக்காவிளையிலும் இதை ஒருத்தி தமிழில் கேட்பாள், இன்னொருத்தி மலையாளத்தில் கேட்பாள். கேள்வி நியாயமானது. அசித்ரோமைசின் ஐந்து நாள் கொடுத்தால் மூக்கிலும் தொண்டையிலும் உள்ள கிருமி ஒழிகிறது. அடுத்தவருக்குத் தொற்றுவதும் நிற்கிறது. இருமல் மட்டும் இன்னும் ஆறு வாரம், எட்டு வாரம் என்று ஓடுகிறது. சீனத்திலும் ஜப்பானிலும் இந்த நோய்க்கு நூறு நாள் இருமல் என்றே பெயர்.

நோய் முழுவதும் கிருமியின் வேலை என்றால் கிருமி ஒழிந்த வாரமே குழந்தை தேறியிருக்க வேண்டும். அப்படி நடக்காததன் காரணம் மூச்சுக்குழலின் உட்சுவரில் இருக்கும் செல்களில் கிடைக்கிறது. கிருமி வந்து ஒட்டியதும் எந்தச் செல் எதைச் சுரக்கிறது, எது சாகிறது, எது வாய் மூடிக்கொள்கிறது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வாளர்கள் கண்டவற்றைச் சேர்த்துவைத்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இது: கக்குவானில் கிருமி நேராகச் செய்யும் கேட்டைவிட, அது தூண்டிவிட்டு நம் செல்களே செய்துகொள்ளும் கேடு பெரிது. இதை ஏற்றுக்கொண்டால், எல்லையூர்களில் ஒரு கைக்குழந்தையைக் காக்க எந்த நாளில் எதைச் செய்ய வேண்டும் என்ற கணக்கும் கறாராகிவிடுகிறது.

*

மூச்சுக்குழலின் உட்சுவரில் பெரும்பகுதி குறுஇழைச் செல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் சுமார் 200 குறுஇழைகள். விநாடிக்கு 10 முதல் 15 தடவை, காற்றில் நெல்வயல் சாய்ந்தெழுவதுபோல ஒரே திசையில் வீசிக்கொண்டே இருக்கும். அவற்றின் மேல் மெல்லிய சளிப்படலம். நாம் இழுக்கும் தூசி, ரப்பர் ஷீட் உலர்த்தும் கூட்டின் புகை, கிருமி எல்லாம் அந்தச் சளியில் ஒட்டித் தொண்டையை நோக்கி மேலேறும். நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். இடையிடையே நிற்கும் சுரப்புச் செல்கள் சளியைத் தருகின்றன. அடியில் படிந்திருக்கும் அடித்தளச் செல்களுக்கு வேறு வேலை: மேலே ஒரு செல் செத்தால் இவை பிரிந்து வளர்ந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

1906-இல் பிரசெல்ஸ் நகரில் ஜூல் போர்தேயும் ஆக்டேவ் ழாங்கூவும் உருளைக்கிழங்கு, கிளிசரின், ரத்தம் சேர்த்த ஊடகத்தில் கக்குவான் கிருமியை வளர்த்தார்கள். பிற்காலத்தில் போர்தேயின் பெயராலேயே அதை போர்டெடெல்லா பெர்டுசிஸ் என்று அழைத்தார்கள். நோயின் இடத்தைக் கண்ணால் காட்டியது 1912-இல் பாஸ்டனில் மேலரியும் ஹார்னரும் செய்த ஆய்வு. கக்குவானில் இறந்த குழந்தைகளின் மூச்சுக்குழலை மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்தபோது, குறுஇழைகளின் இடுக்குகளில் கிருமிகள் கற்றை கற்றையாகச் செருகிக்கொண்டிருந்தன. குறுஇழை இல்லாத செல்களை அவை பெரிதும் நாடவில்லை. இழைகளை அசையவிடாமல் செய்வதே நோய் என்று அன்று அவர்கள் எண்ணினார்கள். அது பாதி உண்மை.

கிருமி எப்படி ஒட்டுகிறது என்பது இன்று நன்றாகவே தெரியும். அதன் மேற்பரப்பில் நீண்ட இழைப்புரதம் ஒன்று, பெர்டாக்டின் என்ற புரதம் ஒன்று, மயிர்போன்ற நீட்சிகள் என்று பல பிடிகள் உண்டு. உடம்பின் வெப்பத்தை உணர்ந்ததும் இவற்றையும் நச்சுகளையும் ஒருசேர உண்டாக்கும் கட்டுப்பாட்டு ஏற்பாடும் அதற்குள் இருக்கிறது. குளிர்ந்தால் அணைந்துவிடும். ரத்தத்தில் இறங்கி உடம்பெல்லாம் பரவும் கிருமி இல்லை இது. மேற்பரப்பிலேயே தங்கி, அங்கிருந்தபடியே வேலை செய்கிறது.

*

செல்களின் பதிலில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி, அமெரிக்காவில் வில்லியம் கோல்ட்மனும் அவரோடு வேலை செய்தவர்களும் 1980-களிலும் 1990-களிலும் கண்டது. வெள்ளெலியின் மூச்சுக்குழலை வளையங்களாக வெட்டி உயிரோடு வைத்து, கிருமி வளர்ந்த திரவத்தை அதில் விட்டார்கள். கிருமியே இல்லை, திரவம் மட்டும்தான். குறுஇழைச் செல்கள் வீங்கி, இழைகள் ஓய்ந்து, கடைசியில் சுவரிலிருந்து பிதுங்கி வெளியே விழுந்தன. பக்கத்தில் நின்ற சுரப்புச் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைச் செய்த பொருளைப் பிரித்தெடுத்தபோது அது பெரிய புரத நச்சு எதுவும் இல்லை என்று தெரிந்தது. கிருமியின் செல்சுவரிலிருந்து உதிர்ந்த, 921 டால்டன் எடையே உள்ள ஒரு துணுக்கு, அவ்வளவுதான். மூச்சுக்குழல் செல்நச்சு என்று பெயரிட்டார்கள்.

வேறு பல பாக்டீரியாக்களும் வளரும்போது இதே துணுக்கை உதிர்க்கின்றன. ஆனால் அவற்றில் பல, ஆம்ப்-ஜி என்னும் புரதத்தின் வழியாக அதை உள்ளே இழுத்து மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். கக்குவான் கிருமியில் அந்த வழி சரியாக வேலை செய்வதில்லை. துணுக்கு வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது. ஹவாய்க் கடலில் வாழும் ஒரு சிறு கணவாய்க்கும் இதே துணுக்கு பழக்கம். அதன் ஒளி உறுப்பில் குடியேறும் ஒளிரும் பாக்டீரியா இந்தத் துணுக்கைக் கொடுத்துத்தான் அங்குள்ள குறுஇழைச் செல்களை உதிர வைக்கிறது. அந்த உதிர்தல் கணவாயின் இயல்பான வளர்ச்சியில் ஒரு படி என்று 2004-இல் காட்டினார்கள். அங்கே வளர்ச்சிக்கான சேதி, இங்கே நோய்.

அடுத்த கேள்வி, இந்தத் துணுக்கு எப்படிக் கொல்கிறது என்பது. 1994-இல் வந்த பதில் நைட்ரிக் ஆக்சைடு. துணுக்கு பட்டதும் செல்கள் இன்டர்லூகின்-1 என்னும் சேதிப்புரதத்தையும், அதைத் தொடர்ந்து நைட்ரிக் ஆக்சைடையும் உண்டாக்குகின்றன. அந்த வாயு உண்டாகாமல் தடுத்தால் குறுஇழைச் செல்கள் பிழைத்துக்கொள்கின்றன. வாயுவை உண்டாக்குவது எந்தச் செல் என்பது 1999-இல் தெரிந்தது. சாகிற குறுஇழைச் செல் அதை உண்டாக்குவதில்லை. பக்கத்தில் நலமாக நிற்கும் சுரப்புச் செல்தான் உண்டாக்குகிறது. கிருமியை விரட்ட அது வீசும் வாயு பக்கத்துச் செல்லைக் கொன்றுவிடுகிறது. கிருமியின் வெளிச்சவ்விலிருந்து வரும் எண்டோடாக்சின் கூடச் சேர்ந்தால் இந்த வீச்சு பல மடங்கு ஏறுகிறது. போதாததற்கு, அடித்தளச் செல்கள் புதிதாகப் பிரிந்து பெருகுவதையும் இதே துணுக்கு தடுக்கிறது. செல் சாவதும் சாகிறது, பதில் செல் வருவதும் தாமதமாகிறது. தாய் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே வந்துவிட்டது: அசித்ரோமைசின் கிருமியைக் கொல்லும், உரிந்த சுவரைக் கட்டித் தராது.

உட்சுவர் உரிந்து மூச்சை அடைப்பது எப்படியிருக்கும் என்பதை உடம்பால் அறிந்த ஒருவரின் பெயர் இந்த எல்லையிலேயே இருக்கிறது. காரக்கோணத்தில் 2002-இல் தொடங்கிய சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி டாக்டர் சோமர்வெல் நினைவாக நடப்பது. நெய்யூர் மிஷன் ஆசுபத்திரியில் பல்லாண்டு அறுவை மருத்துவராக இருந்தவர் ஹோவர்ட் சோமர்வெல். 1924 ஜூன் 4 அன்று, எவரெஸ்டில் ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரம் வரை ஏறிவிட்டு இறங்கும் வழியில் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. சாவை எதிர்பார்த்துப் பனியில் உட்கார்ந்துவிட்டார். கடைசி முயற்சியாக இரு கையாலும் நெஞ்சை அழுத்த, அடைப்பு இருமலோடு வெளியே வந்து விழுந்தது. கடுங்குளிரில் செத்து உரிந்துபோன குரல்வளையின் உட்தோல் அது. சோமர்வெல்லுக்குக் குளிர் செய்ததைக் கக்குவான் குழந்தைக்கு நைட்ரிக் ஆக்சைடு செய்கிறது, செல் செல்லாக, நாள்கணக்கில்.

*

2000-ஆம் ஆண்டில் டேவிட் ரெல்மனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு கேள்வியை இன்னும் அகலமாக எடுத்துக்கொண்டது. மனித மூச்சுக்கிளைக் குழலிலிருந்து வந்த பியாஸ்-2பி என்ற செல்வரிசையில் கிருமியை விட்டு, அதன் மரபணுக்களில் எவை கூடுகின்றன, எவை குறைகின்றன என்று மரபணுச் சில்லுகளைக் கொண்டு மொத்தமாக அளந்தார்கள். முதல் சில மணி நேரத்தில் அழற்சிக்கான சேதிப்புரதங்கள் எகிறின. வெள்ளணுக்களை அழைக்கும் சேதியும் போனது, அந்த அழைப்புக்கு வெள்ளணுக்கள் வருவதும் சோதனையில் உறுதியானது. இவற்றோடு, சளியின் மூலப்பொருளான மியூசினுக்குரிய மரபணுவும் தூண்டப்பட்டது. சளி சுரந்து கிருமியை வழித்துத் தள்ளுவது செல்லின் பழைய தற்காப்பு. கக்குவான் கிருமியோ அந்த மியூசினையே பற்றிக்கொள்ளும் பிடிமானமாக்கிக்கொள்கிறது. வழித்துத் தள்ளக் குறுஇழைகளும் இல்லாத இடத்தில் இந்தச் சளி எங்கே போகும்? கக்குவான் குழந்தையின் வாயிலிருந்து இருமலின் முடிவில் நூல் நூலாக, அறுபடாமல் தொங்கும் அந்தக் கெட்டிச் சளியைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வு எதைச் சொல்கிறது என்று உடனே புரியும்.

கிருமியின் பெரிய நச்சுகள் இரண்டும் செல்களின் பதிலைத் திருத்தி எழுதுகின்றன. பெர்டுசிஸ் நச்சு, செல்லுக்குள் சேதி கடத்தும் ஜி புரதங்களில் ஒரு வகையை முடக்கிவிடும். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் நிக்கோலஸ் கார்போனெட்டியின் குழு எலிகளில் பார்த்தபோது, இந்த நச்சு இருந்தால் தொற்றின் தொடக்க நாட்களில் வெள்ளணுக்கள் நுரையீரலுக்கு வருவது தாமதமானது. அவற்றை அழைக்கும் சேதி சரியாக எழவில்லை. ரெல்மன் குழு கண்டதற்கு இது முரணாகப் படலாம். என் கணிப்பில் இரண்டும் பொருந்தக்கூடியவையே: செல் கூப்பாடு போடத்தான் செய்கிறது, நச்சு அதை முதல் சில நாட்களுக்கு அடக்கிவைக்கிறது, அந்த அவகாசத்தில் கிருமி பெருகி இடம் பிடித்துவிடுகிறது. பிறகு அடங்கியிருந்த அழற்சி மொத்தமாக வெடிக்கும்போது அது கிருமிக்கு அதிகம் உறைப்பதில்லை, குழந்தைக்கே உறைக்கிறது.

அடினைலேட் சைக்ளேஸ் நச்சு இரண்டாவது. இது முக்கியமாக வெள்ளணுக்களைச் செயலிழக்கச் செய்யும். உட்சுவர்ச் செல்களையும் விடுவதில்லை. மனித மூச்சுக்கிளைச் செல்களை அடுக்காக வளர்த்து 2018-இல் ஐஸ்லாந்து, செக் நாட்டு ஆய்வாளர்கள் செய்த சோதனையில், இந்த நச்சு செல்களுக்கு இடையிலுள்ள இறுக்கமான இணைப்புகளைத் தளர்த்தியது; மியூசினையும் கூட்டியது. சுவரே ஓட்டையாகிவிடுகிறது என்று பொருள்.

*

இத்தனைக்கும் பிறகு, இருமல் ஏன் அப்படி அடுக்கடுக்காக வருகிறது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. ஒரு மூச்சுக்குள் பத்து, பதினைந்து இருமல். முகம் கருஞ்சிவப்பாகி நீலம் பாரிக்கும். நாக்கு வெளியே தள்ளும். கீழ்ப்பற்களில் உரசி நாக்கின் அடியிலுள்ள மடிப்பு புண்ணாகும். கண்ணின் வெள்ளையில் ரத்தம் கட்டும். கடைசியில் இழுக்கும் ஒரு மூச்சில் கூவல், பின்பு வாந்தி. உரிந்த சுவரும் தேங்கிய சளியும் மட்டும் இதை விளக்கிவிடாது. சாதாரணச் சளிக்காய்ச்சலிலும் சுவர் புண்ணாகிறதே.

2022-இல் ஒசாகா பல்கலைக்கழகத்தில் யுகிஹிரோ ஹோரிகுச்சியின் குழு எலிகளை இருமவைக்கும் வழியைக் கண்டுபிடித்து இந்த முடிச்சை அவிழ்த்தது. அவர்கள் சொல்லும் வரிசை இது. கிருமியின் எண்டோடாக்சின் பிராடிகைனின் என்னும் பொருளை உண்டாக்கத் தூண்டுகிறது. வேக்8 என்ற இன்னொரு கிருமிப்புரதம், பிராடிகைனினுக்குக் கடிவாளமாக இருக்கும் நம் புரதத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. பெருகிய பிராடிகைனின் இருமல் நரம்பு முனைகளில் உள்ள டி.ஆர்.பி.வி.1 என்ற உணர்வியைக் கூர்மையாக்குகிறது. மிளகாயின் காரத்தை நாம் உணர்வது இதே உணர்வியால்தான். இந்தக் கூர்மையைத் தணிக்க நரம்புக்குள் இயல்பாகவே ஒரு வழி உண்டு. ஆனால் அது ஓடுவது ஜி புரதத்தின் மூலம், பெர்டுசிஸ் நச்சு முடக்கும் அதே வகையின் மூலம். தூண்டுவது கூடுகிறது, தணிப்பது நின்றுபோகிறது. பால் குடிப்பதும், அழுவதும், ஒரு வாய்க் குளிர்காற்றும் போதும், இருமல் அடுக்கு புறப்பட்டுவிடும். ரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில் சாப்பிடும் பெரியவர்கள் சிலருக்கு ஓயாத வறட்டு இருமல் வருமே, அதுவும் பெரும்பாலும் பிராடிகைனின் தேங்குவதால் வருவதுதான்.

இந்த ஆய்வுகளையெல்லாம் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது. பியாஸ்-2பி செல்களுக்குக் குறுஇழை கிடையாது. கிருமி விரும்பி ஒட்டும் இடமே இல்லாத செல்லில் செய்த சோதனை அது. வெள்ளெலியின் மூச்சுக்குழல் மனிதனுடையது அன்று. எலி இயல்பாகக் கக்குவான் இருமல் இருமுவதில்லை. இந்தக் குறையைத் தீர்க்க வூர்ட்ஸ்புர்க் பல்கலைக்கழகத்தில் மனித மூச்சுக்குழல் செல்களைக் கொண்டே குறுஇழையும் சளியும் உள்ள முப்பரிமாணத் திசுவை வளர்த்து 2021-இல் செல்நச்சைச் சோதித்தார்கள். வெள்ளெலியில் கண்டவை பெரும்பாலும் அங்கேயும் தெரிந்தன: குறுஇழைச் செல்கள் பிதுங்கி விழுந்தன, சளி பெருகியது, தடுப்புச்சுவர் நலிந்தது. கோல்ட்மனின் பழைய முடிவுகளை நான் தயங்காமல் நம்புவது இதனால்தான். பொருத்தமான செல்லில் கிடைத்த பழைய முடிவு, பொருந்தாத செல்லில் கிடைத்த புதிய முடிவைவிட மேல்.

*

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் கதை வேறு. கூவும் சத்தத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஏமாந்துபோவோம். மூச்சை அவ்வளவு வேகமாக உள்ளிழுக்க அதற்கு வலு கிடையாது. சும்மா படுத்திருக்கும், திடீரென்று மூச்சு நின்று நீலமாகும், அவ்வளவுதான். 2008-இல் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் பேடக் தலைமையில், கக்குவானில் இறந்த கைக்குழந்தைகளின் நுரையீரலை ஆராய்ந்தார்கள். 1912-இல் கண்ட அதே கிருமிக் கற்றைகள் குறுஇழைகளில் இருந்தன. சிறு மூச்சுக்கிளைகளின் சுவர் அழுகியிருந்தது. நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வெள்ளணுக்களால் அடைத்திருந்தன. பெர்டுசிஸ் நச்சு வெள்ளணுக்களை ரத்தத்திலேயே தங்கவைத்துவிடும். எண்ணிக்கை எல்லை மீறி ஏறினால் நுரையீரலுக்குள் ரத்தம் போவதே கடினமாகி இதயம் தளர்ந்துவிடும். 2014-இல் உலகம் முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 2 கோடியே 41 லட்சம் பேருக்குக் கக்குவான் வந்ததாகவும், 1,60,700 பேர் இறந்ததாகவும் மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த மரணங்களில் பாதிக்கும் மேல் ஒரு வயது நிறையாத குழந்தைகள்.

இருமல் தொடங்கிய பிறகு கையில் உள்ள மருந்துகள் எவ்வளவு செய்யும் என்பதைத் தாய்மாருக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் வாரங்களில், வெறும் சளிபோலத் தோன்றும்போதே கொடுத்தால்தான் அசித்ரோமைசின் நோயைக் கொஞ்சம் தணிக்கும். அடுக்கிருமல் வந்த பிறகு அது வீட்டாருக்குத் தொற்றாமல் காக்குமே தவிர, இருமலைக் குறைக்காது. அதனாலேயே அதை விட்டுவிடக் கூடாது; தடுப்பாற்றல் இல்லாதவர்கள் ஒரே வீட்டில் இருந்தால் 10 பேரில் 8, 9 பேருக்குத் தொற்றிவிடும் நோய் இது. இருமல் டானிக்கோ, மூச்சுக்குழலை விரிக்கும் மருந்தோ, ஸ்டீராய்டோ கக்குவான் இருமலைத் தெளிவாகக் குறைத்ததாகச் சோதனைகள் எதுவும் காட்டவில்லை. இருமல் மருந்தின் பெயரில் வரும் ஆபத்தை நாம் கண்டாயிற்று: 2025-இல் மத்தியப் பிரதேசத்தில், டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த மருந்தைக் குடித்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில்.

ஆடாதோடையை நான் இகழ மாட்டேன். எல்லையின் இரண்டு பக்கத்து வைத்தியர்களும் நெடுங்காலமாக நம்பிய செடி. அதிலுள்ள வாசிசினை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளியிளக்கி மருந்து உருவானது. சளியை இளக்க அது உதவலாம். செத்த குறுஇழைச் செல்லுக்குப் பதில் செல் தருவது அதனால் ஆகாது, கிருமியைக் கொல்வதும் ஆகாது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு அதைத் தேனில் குழைத்துக் கொடுப்பது ஆபத்தும்கூட. தேனிலிருக்கும் போட்டுலிசக் கிருமியின் வித்துகளைத் தாங்க அந்தக் குடலுக்கு வயது போதாது.

*

ஆக, செல்லும் கிருமியும் சந்திக்கும் முன்பே செய்கிற காரியம்தான் பலன் தரும். 1930-களில் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸில் பேர்ல் கெண்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரு பெண்கள் கொன்ற கிருமியை முழுதாக வைத்துச் செய்த தடுப்பூசியை முறையான சோதனையில் நிறுவினார்கள். இந்தியாவின் பொதுத் திட்டத்தில் இன்றும் நாம் போடுவது அந்த வழியில் வந்த முழுக்கிருமி ஊசிதான். ஊசி போட்ட அன்று இரவு காய்ச்சலடித்துக் குழந்தை வீறிடுகிறதே என்று பயந்து அடுத்த தவணையைத் தள்ளிப்போடும் வீடுகள் உண்டு. அந்தக் காய்ச்சலுக்கு ஒரு முக்கியக் காரணம் கிருமியோடு உள்ளே போகும் எண்டோடாக்சின். மூச்சுக்குழலில் பேரழிவைத் தூண்டும் அதே பொருள் தொடையின் தசையில் ஒரு நாள் காய்ச்சலோடு அடங்கி, உடம்புக்கு நல்ல பாடமாகிவிடுகிறது. பாரசிட்டமால் போதும்.

காய்ச்சலைக் குறைக்க 1981-இல் ஜப்பான் கொண்டுவந்த, சில புரதங்களை மட்டும் வைத்த ஊசிக்குப் பணக்கார நாடுகள் மாறின. 2013-இல் அமெரிக்காவில் டாட் மெர்க்கலின் குழு பபூன் குரங்குகளில் அதைச் சோதித்தது. ஊசி போட்ட குரங்குகள் நோயுறவில்லை. ஆனால் அவற்றின் மூச்சுப்பாதையில் கிருமி வாரக்கணக்கில் குடியிருந்தது, பக்கத்துக் கூண்டுக்கும் தொற்றியது. முழுக்கிருமி ஊசி போட்டவற்றில் கிருமி விரைவாகவே ஒழிந்தது. நமது பழைய ஊசியை ஏழை நாட்டு ஊசி என்று தாழ்வாகப் பேசுவோருக்கு இது பதில். குன்னூர் பாஸ்டர் நிலையம் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அதைச் செய்துகொண்டிருந்தன. 2008 ஜனவரியில் அவற்றின் உற்பத்தி உரிமத்தை நிறுத்திவைத்து, 2010-இல் திருப்பித் தந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளின் இழப்பை நாம் இன்னும் போதுமான அளவு பேசவில்லை.

செல்களைப் பற்றிய அறிவு நேராகத் தடுப்பூசியாக மாறியதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரான்சில் லீல் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் கமீல் லோக்ட் உருவாக்கிய மூக்குவழித் தடுப்பு மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமியே. அதன் பெர்டுசிஸ் நச்சை முறித்துவிட்டு, செல்நச்சைத் திரும்ப உள்ளிழுக்க எ.கோலி பாக்டீரியாவின் ஆம்ப்-ஜி மரபணுவைப் பொருத்தியிருக்கிறார்கள். கோல்ட்மன் கண்ட அந்தத் துணுக்கு வெளியே கொட்டாது, சுவர் உரியாது. மூச்சுப்பாதையின் மேற்பரப்பிலேயே தடுப்பாற்றல் பிறக்கும். பெரியவர்களில் செய்த இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவுகள் 2023-இல் நம்பிக்கை தரும்படி வந்தன. நம் ஊருக்கு வர நாளாகும்.

அதுவரை கையில் இருப்பது 6, 10, 14 வார ஊசிகள். எல்லையின் இரு பக்கமும் அட்டவணை ஒன்றே, ஊசி நாளும் பெரும்பாலும் புதன்கிழமையே. சிக்கல் வேறிடத்தில். நெய்யாற்றின்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தலைப்பிரசவம் விளவங்கோட்டுத் தாய்வீட்டில் என்பதும், விளவங்கோட்டு மருமகள் பாறசாலையில் பிள்ளை பெறுவதும் இங்கே சகஜம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவன் வீட்டுக்குத் திரும்புவது பலருக்கும் தொண்ணூறாம் நாளை ஒட்டி. மூன்றாவது ஊசி 98-ஆம் நாள். முதல் இரண்டு தவணை தமிழ்நாட்டுக் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் பிக்மி என்னும் கர்ப்பிணிப் பதிவு எண்ணோடு இருக்கும்; மூன்றாவதைக் கேட்டு வர வேண்டியவர் கேரளத்து ஆஷா பணியாளர். அவருக்கு அப்படியொரு குழந்தை வந்திருப்பதே தெரியாமல் போகலாம். "அம்மைட வீட்டுல போட்டாச்சு மாமி" என்று மருமகள் சொல்வதை மாமியார் எல்லா ஊசிக்கும் சேர்த்து எடுத்துக்கொள்வார். அட்டை அலமாரியில் கிடக்கும். அட்டையின் ஒரு படம் இரு பக்கத்துச் செவிலியரின் கைப்பேசியிலும் இருந்தால் இந்த இடைவெளி அடைபடும். செலவில்லாத காரியம்.

ஆறு வாரத்துக்கு முந்திய குழந்தையை இந்த அட்டவணை தொடவே இல்லை. மூச்சு நின்று சாவது பெரும்பாலும் அந்த வயதுதான். அதற்குத் தொற்று வருவது வீட்டிலிருந்தே: பள்ளிக்கூடம் போகும் அண்ணன், ரெண்டு வாரமாகச் சும்மா ஒரு இருமல் என்று சொல்லும் பாட்டி, சில வேளை தாயே. கர்ப்பத்தின் 27 முதல் 36 வாரத்துக்குள் தாய்க்குக் கக்குவான் கூறு சேர்ந்த ஊசியைப் போட்டால் அவளது எதிர்ப்புரதம் தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போய், பெர்டுசிஸ் நச்சு அதன் செல்களைத் தொடும் முன்பே பிடித்துக்கொள்ளும். இங்கிலாந்து இதை 2012 அக்டோபரில் தொடங்கியது. அந்த ஊசி கைக்குழந்தைகளின் நோயை ஏறத்தாழ 90 விழுக்காடு தடுத்தது. 2024-இல் அங்கே கக்குவான் மறுபடி பரவி பத்துக்கும் மேற்பட்ட கைக்குழந்தைகள் இறந்தபோது, ஊசி போட்டுக்கொள்ளும் தாய்மார் அதற்கு முந்திய ஆண்டுகளில் குறைந்திருந்தார்கள். இந்தியாவில் குழந்தை மருத்துவர் சங்கம் இதைப் பரிந்துரைக்கிறது. தனியார் ஆசுபத்திரியில் காசு கொடுத்தால் கிடைக்கிறது. தேசிய அட்டவணையில் கர்ப்பிணிக்கு டெட்டனஸும் டிப்தீரியாவும் மட்டும்தான்.

ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசியை நாட்டிலேயே முதலில் தொடங்கியவை கேரளமும் தமிழ்நாடும், 2011 டிசம்பரில், ஒரே மாதத்தில். கர்ப்பிணிக்கான கக்குவான் ஊசியையும் இந்த இரு மாநிலங்களும் தம் செலவில் சேர்ந்தே தொடங்கலாம். பாறசாலை தாலுகா ஆசுபத்திரியிலும் குழித்துறை அரசு ஆசுபத்திரியிலும் ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும் பெண்களின் வரிசை ஏற்கெனவே இருக்கிறது, ஊசி போடும் செவிலியரும் இருக்கிறார்.